சினிமாவில் சேர்த்த ஓட்டைகள்

கையில் ஒரு அடிஸ்கேல் இருந்தால் உலகத்தில் எதையும் நிரூபித்துவிடலாம் என்று நம்பியவன் ரஃபியுதீன். திருப்பாதிரிப்புலியூரில் மளிகைக்கடை வைத்திருந்த குலாம் முகம்மதுவின் மகன். தினமும் ரயிலேறிச் சிதம்பரத்துக்குப் போய் எம்.ஏ. படித்தான். அவன் பரம்பரையில் அதற்கு முன்னால் எஸ்.எஸ்.எல்.சி.யைத் தாண்டியவர்கள்கூடக் கிடையாது.

அவனுடைய அத்தா குலாம் முகம்மது வெட்டொன்று துண்டிரண்டாகச் சொல்லியிருந்தார். "இந்த வருஷத்தோட சரி. ஆராய்ச்சிக்குன்னு ஸ்காலர்ஷிப் குடுத்தாங்கன்னா மேல படி. இல்லேன்னா பினாங்குக்குக் கப்பலேறு. மாமா கடையில ஆள் வேணுமாம்."

பினாங்குக் கடைக்குப் போக ரஃபியுதீனுக்கு மனசில்லை. படிப்பைத் தவிர அவனுக்கு வேறு ஆசை இல்லை. வேறெதற்கும் லாயக்கும் இல்லை.

ஸ்காலர்ஷிப் ஒன்றே ஒன்றுதான். மாணவர்கள் ஆளுக்கொரு ஆய்வு செய்து துறைக் கருத்தரங்கில் படிக்க வேண்டும். யாருடையது நன்றாக இருக்கிறதோ அவனுக்கு அது. ஒரு வருஷத்து நாளிதழில் முஸ்லிம்களைப் பற்றிய செய்திக்கு எவ்வளவு இடம் கிடைத்தது என்று அளந்து பார்ப்பதாக ரஃபியுதீன் எழுதிக் கொடுத்தான். 1966ஆம் வருஷத்துப் பேப்பர்கள். லைப்ரரியில் இருந்தவை பைண்டிங்குக்குப் போயிருந்தன. போனால் போகட்டும், வீட்டுப் பரணில் இருந்தன. பொட்டலம் மடிக்கக் கடைக்குப் போக வேண்டியவற்றை அவன்தான் அத்தாவிடம் கெஞ்சித் தடுத்து வைத்திருந்தான்.

பேப்பர்களில் அங்கங்கே சதுரம் சதுரமாக ஓட்டைகள். அவன் அசரவில்லை. தங்கை ஆரிபாவுக்குச் சினிமாப் பைத்தியம். நடிகர் படம் கண்ணில் பட்டால் கத்தரிக்கோலோடு பாய்வாள். ஆகவே ஓட்டைகளையும் அளந்து, அத்தனையையும் சினிமாக் கணக்கில் சேர்த்தான். அதற்கு 'விதி' என்று பெயர் வைத்துக் கட்டுரையிலும் எழுதிவிட்டான். அடுத்த அறையில் இருந்தவளை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். படித்தவன் அல்லவா, கேட்கவில்லை.

அரசியல், விபத்து, விளையாட்டு, சமயம் என்று பத்தி பத்தியாக அளந்தான். காலையில் ரயிலுக்கு ஓடுகிறவன், வீட்டுப் பேப்பரை அதுவரை ஒழுங்காகப் பார்த்ததே இல்லை. அளக்க அளக்க அவனுக்கு ஒன்று தெரிந்தது. மீலாது விழா இல்லை. பெருநாள் தொழுகை இல்லை. கடலூரில் இத்தனை வியாபாரிகள் இருந்தும் முஸ்லிம் பேர் அங்கொன்று இங்கொன்றுதான். கோபம் வந்தது, கூடவே, சொன்னால் பாவம், சந்தோஷமும் வந்தது. இப்படியொரு முடிவு யாருக்குக் கிடைக்கும்?

கருத்தரங்கன்று இஸ்திரி போட்ட சட்டையோடு போனான். கரும்பலகையில் கட்டம் போட்டுக் காட்டினான். "ஒரு சமூகமே அச்சிலிருந்து காணாமல் போயிருக்கிறது" என்று முடித்தபோது எல்லோரும் கரும்பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பேராசிரியர் சுப்புராயன் மட்டும், அவன் மாதிரிக்குக் கொண்டுவந்திருந்த பேப்பர்களைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

"இது என்னப்பா ஓட்டை?"

"சினிமாப் படம் சார். தங்கச்சி வெட்டுவா."

"தலையங்கப் பக்கத்துலகூடவா சினிமா?"

சுப்புராயன் லைப்ரரிக்குச் சொல்லி அனுப்பினார். பைண்டிங்கிலிருந்து அந்த வாரம்தான் திரும்பி வந்திருந்த தொகுப்பை பியூன் தூக்கிவந்து வைத்தான். சுப்புராயன் அதே தேதியைத் திறந்து, ஓட்டைப் பேப்பரை அதன்மேல் பரப்பினார். ஓட்டைக்குள் மீலாது ஊர்வலம் போயிற்று. அடுத்த தேதியில் கால்பந்துப் போட்டியில் கோல் போட்ட முகம்மது யூசுப். அதற்கடுத்ததில் கடத்தல் கேசில் பிடிபட்ட அப்துல்லா. அவனையும் யாரோ பத்திரமாகக் கத்தரித்திருந்தார்கள்.

"பேப்பர்காரன் மறைக்கலப்பா" என்றார் சுப்புராயன், மெதுவாக. "உங்க வீட்லதான் யாரோ மறைச்சிருக்காங்க."

எல்லோரும் சிரித்தார்கள். அவர் மட்டும் சிரிக்கவில்லை. அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை. அரிசித் தட்டுப்பாட்டைப் பற்றி ஏதோ சுமாராகப் படித்த தேவநாதனுக்கு ஸ்காலர்ஷிப் போயிற்று.

வீட்டுக்கு வந்ததும் ஆரிபாவின்மேல் பாய்ந்தான். "அல்லா மேல ஆணையா நான் வெட்டுனது ரெண்டே ரெண்டு படம்" என்று அவள் அழுதாள். சமையலறையிலிருந்து அம்மா சர்புன்னிசா ஈரக்கையோடு வந்தாள்.

"அவள ஏன்டா திட்டுற? நாந்தான் வெட்டுனேன். அல்லா பேரு, நபி பேரு இருக்குற காயிதத்த எலி கடிக்கலாமா? பரண்லதானே போடுறோம். எல்லாத்தையும் சேத்து அத்தாகிட்ட குடுத்துக் கெடிலம் ஆத்துல விடச் சொல்லிட்டேன்." நல்ல காரியம் செய்தவளின் முகம் அவளுக்கு.

சர்புன்னிசா குர்ஆனைத் தண்ணீர்பட்ட பாடாக ஓதுவாள். தமிழ் அப்படி வராது. மத்தியானம் வேலை ஓய்ந்ததும் பேப்பரை விரித்து, விரலை ஓட்டி, எழுத்துக்கூட்டிப் படிப்பாள். பாதிப் பக்கம் படிப்பதற்குள் சாயங்காலத் தொழுகைக்கு அஸர் பாங்கு சொல்லிவிடுவார்கள். முகம்மது என்றோ அல்லா என்றோ ஓரிடத்தில் இருந்தால் போதும், அந்தச் செய்தியை முழுசாக வெட்டுவாள். முஸ்லிம் ஆண்பிள்ளைகளில் பெரும்பாலோர் பேரில் இரண்டில் ஒன்று இருக்கத்தானே செய்யும்? சேர்மன் ஆனாலும் திருடன் ஆனாலும் அவளுக்கு ஒன்றுதான்.

ரஃபியுதீன் கத்தினான். தெருவே கேட்கக் கத்தினான். "படிக்கத் தெரியாதவ எதுக்குப் பேப்பரத் தொடுற? என் பொழப்பே போச்சு!"

"தெரியாமப் பண்ணிட்டேன்டா தம்பி" என்றாள் சர்புன்னிசா.

மறுநாளிலிருந்து பேப்பர் வந்தது, அத்தா படித்தார், மடித்துக் கடைக்குக் கொண்டுபோனார். அவள் அதைத் தொடவில்லை. அன்றைக்குச் சொன்ன சொல்லை எப்படித் திரும்ப எடுப்பது என்று ரஃபியுதீனுக்குத் தெரியவில்லை. நாகப்பட்டினத்தில் கப்பலேறும்வரை எடுக்கவும் இல்லை.

பினாங்கிலிருந்து மாதம் ஒரு கடிதம் போட்டான். அத்தாவுக்கு எழுதுவதை நெருக்கி எழுதிவிட்டு, அடியில் அம்மாவுக்கென்று மூன்று வரி, சின்னப் பிள்ளைகளுக்கு எழுதுவதைப் போலப் பெரிய பெரிய எழுத்தில், கூட்டி வாசிக்கத் தோதாக எழுதுவான். கவர் வந்ததும் சர்புன்னிசா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்குவாள். பிரிக்காமல் ஆரிபாவிடம் நீட்டுவாள்.

"நீயே படிம்மா. எனக்குப் படிக்கத் தெரியாது."