அறுபது என்று எழுதிய வரி

ஆஸ்பத்திரியில் அவளுக்குப் பெயர் மீட்டரம்மா. கைப்பையில் சீப்பு இல்லாமல் வருவாள், மல்டிமீட்டர் இல்லாமல் வரமாட்டாள். டி.வி. பழுது பார்க்கும் கடையில் பத்து வருடம் உட்கார்ந்தவள். கெட்டுப்போன டி.வி.யைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்கும் காலம் வந்ததும், மருத்துவக் கருவிகளைப் பராமரிக்கும் ஒரு நிறுவனத்தில் சேர்ந்தாள். ஆஸ்பத்திரிக்குள்ளேயே ஜன்னல் இல்லாத ஒரு சின்ன அறை, ஒரு மேஜை, ஒரு கணினி. அங்கே அவள் சொன்னதுதான் சட்டம்.

அன்றைக்குக் காலை பத்து மணிக்கு அவளுடைய நாத்தனார் அந்த அறைக் கதவை முழங்கையால் தள்ளிக்கொண்டு வந்தாள். அவள் அதே ஆஸ்பத்திரியில், பச்சிளங் குழந்தைகள் வார்டில் நர்ஸ். ஆனால் அன்று சீருடை இல்லை. ஒரு வாரமாக வேலைக்கு வரக்கூடாது என்று உத்தரவு.

விஷயம் இதுதான். அந்த வார்டில் பன்னிரண்டு படுக்கைகள். எல்லாக் குழந்தைகளின் வெப்பநிலையையும் ஒரே திரையில் காட்டும் பெட்டி ஒன்று உண்டு. ஒரு மாதத்தில் நான்கு முறை அந்தத் திரை திடீரென்று கறுத்து, ஒரு நிமிடம் கழித்து உயிர் பெற்றது. நல்லவேளையாகக் குழந்தைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் நான்கு முறையும் பணியில் இருந்தவள் இவள். பெட்டிக்குப் பக்கத்தில் இவளுடைய போன் சார்ஜர் கிடந்தது. பெட்டியின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு போன் சார்ஜ் போட்டாள் என்று முடிவு கட்டிவிட்டார்கள். நாலு மணிக்குக் கண்காணிப்பாளர் அறையில் கடைசி விசாரணை.

"அண்ணி, ஊர்ல இருக்கிற மெஷினையெல்லாம் நோண்டுறீங்க. அந்தப் பெட்டிக்குள்ள என்ன நடக்குதுன்னு ஒரு தடவையாவது பாத்தீங்களா?"

"பாக்க என்ன இருக்கு? பிளக்கப் பிடுங்கினா அணையும், சொருகினா எரியும்."

"நான் பிடுங்கல."

"வீட்ல பிரிட்ஜ் பிளக்கப் பிடுங்கிட்டு போன் சார்ஜ் போடுறது யாரு? போன வாரம் பால் திரிஞ்சு போச்சே, அது தானா திரிஞ்சுதா?"

"அது வீடு அண்ணி. இது குழந்தைங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு நாத்தனார் வெளியே பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

அந்த ஒரு வார்த்தை மீட்டரம்மாவைக் குத்தியது. எப்போதும் பதிலுக்குப் பதில் பேசுகிறவள் ஒற்றை வரியோடு போய்விட்டாளே. சரி, பார்த்துவிட்டால் போகிறது, பிளக்தான் என்று காட்டிவிட்டால் அவளும் அடங்குவாள் என்று அறையில் இருந்தபடியே பெட்டியோடு தன் கணினியை இணைத்தாள்.

அந்த மாதிரிப் பெட்டிகள் கடைசியாக ஏன் அணைந்து எழுந்தன என்பதை ஓர் எண்ணாக நினைவு வைத்திருக்கும். கேட்டாள். முப்பத்திரண்டு என்றது.

முப்பத்திரண்டு என்றால் என்ன? யாருக்குத் தெரியும்! பெட்டியின் கையேட்டில் இல்லை. பெட்டிக்குள் ஓடும் ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் அடியில் இருந்து எல்லாவற்றையும் ஓட்டும் கெர்னலிடம்தான் கேட்க வேண்டும். அதன் சோர்ஸ் கோட், அதாவது அதை எழுதிய மூல வரிகள், முழுவதையும் நிறுவனம் மூன்று வருடத்துக்கு முன்பே அவள் கணினியில் போட்டுக் கொடுத்திருந்தது. பல்லாயிரம் கோப்புகள். அவள் அதைத் திறந்ததே இல்லை. புது வீட்டில் பிரிக்காத அட்டைப்பெட்டி மாதிரி ஒரு மூலையில் கிடந்தது.

முதலில் வெறும் எண்ணைத் தேடினாள். லட்சக்கணக்கில் வந்து கொட்டியது. அப்புறம் அந்த எண்ணைக் கொடுக்கும் கோப்பின் பெயரைத் தேடினாள். அது இன்னொரு கோப்பைக் காட்டியது. அதற்குள் ஒரு சொல் மட்டும் இருந்தது, அந்தச் சொல்லின் பொருள் வேறொரு கோப்பில் இருந்தது. அரசு அலுவலகத்தில் மூணாவது ஜன்னல், ஏழாவது ஜன்னல் என்று விரட்டுவார்களே, அப்படித்தான். நோட்டில் அம்புக்குறி போட்டுக்கொண்டே போனாள். பன்னிரண்டரை மணிக்குக் கடைசி ஜன்னல் திறந்தது. மின்சாரம் போய் வந்திருந்தால் பதினாறு. முப்பத்திரண்டு என்றால், காவல் டைமரே பெட்டியை அணைத்து எழுப்பியிருக்கிறது.

பிளக் இல்லை.

காவல் டைமர் என்பது பெட்டிக்குள் இருக்கும் ஒரு வாயில்லாக் காவலாளி. பத்து விநாடிக்கு ஒருமுறை மென்பொருள் அதனிடம் "இருக்கேன்" என்று சொல்ல வேண்டும். குறித்த நேரத்துக்குள் சத்தம் வராவிட்டால், பெட்டி உறைந்துவிட்டது என்று நினைத்து அது அணைத்து எழுப்பும். அந்தக் குறித்த நேரம் அறுபது விநாடி என்று, பெட்டிக்கான அளவுகளை எழுதி வைக்கும் அமைப்புக் கோப்பில் தெளிவாக இருந்தது. ஒரு நிமிடம் முழுக்கவா மென்பொருள் பேசாமல் கிடக்கும்?

அந்தக் காவலாளியை இயக்கும் டிரைவர் என்ற சின்ன நிரலின் மூல வரிகளைத் திறந்தாள். இருநூறு வரிகூட இல்லை. விரலை வைத்து வரி வரியாக இறங்கினாள். நடுவில் விரல் நின்றது. கேட்கும் நேரம் முப்பதுக்கு மேல் இருந்தால், பதினைந்தாக வைத்துக்கொள். அவ்வளவுதான். எச்சரிக்கை கிடையாது, பிழைச் செய்தி கிடையாது. அறுபது கேட்டால் தலையை ஆட்டிவிட்டுப் பதினைந்து கொடுக்கிற காவலாளி.

காலையில் டாக்டர்கள் வந்து பன்னிரண்டு குழந்தைகளின் முழுநாள் வரைபடத்தையும் ஒன்றாகத் திறக்கும்போது மென்பொருள் திணறும். பன்னிரண்டு படுக்கையும் நிரம்பியது இந்த மாதம்தான். பத்து விநாடி பதினாறு ஆகும். பெட்டி விழும். காலைப் பணி எப்போதும் நாத்தனாருடையது.

அறுபது கொடுக்கலாம் என்று எங்கேயோ படித்தது அவளுக்கு நினைவிருந்தது. இணையத்தில் தேடினாள். விளக்க ஆவணம் அப்படியேதான் சொன்னது, இருநூற்றைம்பது வரை கொடுக்கலாமாம். அப்புறம்தான் பக்கத்தின் தலைப்பைப் பார்த்தாள். அது இன்றைய கெர்னலின் ஆவணம். பெட்டிக்குள் ஓடுவதோ ஆறு வருடப் பழசு. பழசுக்கான ஆவணம் அவள் கணினியிலேயே, சோர்ஸ் கோடுடன் சேர்ந்து தனி ஃபோல்டரில் இருந்தது. திறந்தாள். நாலாவது வரி: முப்பதுக்கு மேல் கொடுத்தால் பதினைந்தாகக் கொள்ளப்படும்.

எந்த மடையன் இதைப் பார்க்காமல் அறுபது போட்டான்? அவளுக்கு முன்னால் வேலை பார்த்தவர் இந்த மாதிரி அவசர வேலைக்குப் பேர் போனவர். ஒவ்வொரு வரியையும் யார், எந்தத் தேதியில் எழுதினார்கள் என்று காட்டும் கட்டளை ஒன்று உண்டு. அந்த மனிதரை மனதுக்குள் திட்டிக்கொண்டே அதைத் தட்டினாள்.

திரையில் வந்தது அவள் பெயர்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தாள். மறுபடியும் தட்டினாள். அவள் பெயர்தான். மூன்று வருடத்துக்கு முன்னால், வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது மாதம்.

அதைவிடப் பெரிய இடி ஒன்று பாக்கி இருந்தது. போன வாரம் காபி இயந்திரத்துக்கு முன்னால் கண்காணிப்பாளர், "உங்க நாத்தனாராமே, எப்படி ஆளு?" என்று கேட்டிருந்தார். "வீட்லயும் பிளக்கப் பிடுங்குற கேஸ்தான் சார்" என்று சிரித்துக்கொண்டே சொன்னவள் இவள். விசாரணைக் காகிதத்தில் இரண்டாவது சாட்சியமாக ஏறியிருந்தது அந்தச் சிரிப்புதான்.

மணி மூன்றே முக்கால். கண்காணிப்பாளர் அறைக்கு நாலு தாள்களை அச்சடித்து எடுத்துக்கொண்டு போனாள். நாத்தனார் நின்றுகொண்டிருந்தாள்.

"சார், பிளக் இல்ல. இந்த வரிதான். இத எழுதினது நான்."

கண்காணிப்பாளர் கண்ணாடியை இறக்கினார். "நீங்கதானேம்மா அவங்க பிடுங்குவாங்கன்னு சொன்னீங்க?"

"அதுவும் நான்தான் சார். ரெண்டுமே என் தப்பு."

அவர் தாளைப் புரட்டினார். புரிந்ததோ இல்லையோ, முப்பத்திரண்டைச் சுற்றி அவள் போட்டிருந்த வட்டத்தையே வெகுநேரம் பார்த்தார். "இதே வரி வேற எங்க இருக்கு?"

அதைக் கேட்டபோதுதான் அவளுக்கு அது நினைவு வந்தது. அந்தக் கோப்பை அவள் நகல் எடுத்து இன்னும் மூன்று ஆஸ்பத்திரிகளில் போட்டிருந்தாள். நாற்பத்தொரு பெட்டிகள். அதையும் சொன்னாள். அவர் அவளுடைய நிறுவனத்துக்குப் போன் போட்டார். அடுத்த வாரம் அவளுக்கு விசாரணை என்றார்கள். நாத்தனார் அன்றைக்கே சீருடையை மாட்டிக்கொண்டாள்.

வராந்தாவில் இரண்டு பேரும் வார்டுக்கு நடந்தார்கள். வார்டு வாசலில் நாத்தனார் நின்றாள்.

"அண்ணி, பால் திரிஞ்சது என்னாலதான். அதுக்கும் கம்ப்யூட்டர்ல தேடிட்டு இருக்காதீங்க."

மீட்டரம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. "நான் சொன்னது..." என்று ஆரம்பித்தாள்.

"அத வீட்ல வச்சுக்கலாம். நான் கேக்க நிறைய இருக்கு. இப்ப வேலையப் பாருங்க."

மீட்டரம்மா அறுபதை அழித்து முப்பது என எழுதினாள். அது ஏற, பெட்டியை அணைத்து எழுப்ப வேண்டியிருந்தது. அந்த ஒரு நிமிடமும் நாத்தனார் படுக்கை படுக்கையாகப் போய்க் கையால் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தாள். திரை மறுபடி உயிர் பெற்றது. பிறகு மீட்டரம்மா, மூன்று வருடத்தில் ஒருநாளும் செய்யாத ஒன்றைச் செய்தாள். நான் கேட்டது இருக்கட்டும், நீ எடுத்துக்கொண்டது எவ்வளவு என்று காவலாளியிடமே கேட்டாள்.

முப்பது என்றது. நம்பாமல் இன்னொரு தடவை கேட்டாள்.