அவள் நிறுத்திய அலை

அறுபதுகளின் தொடக்கத்தில் பீளமேட்டில் நான் இயற்பியல் படித்தபோது, வகுப்பில் பெண்கள் இரண்டே பேர். இன்னொருத்தி துடியலூர்க்காரி.

அந்த வருடம் ஆய்வகத்துக்கு ஆசிலோஸ்கோப் வந்தது. மின்சாரம் ஏறியிறங்குவதைப் பச்சை நிற சைன் அலையாகத் திரையில் காட்டும் கருவி. ஒலி, ஒளி எல்லாவற்றுக்கும் அடிப்படை அந்த வளைகோடுதான் என்று பேராசிரியர் சொல்லியிருந்தார். நான் குமிழை எவ்வளவு திருப்பியும் அலை ஒரு பக்கமாக ஓடிக்கொண்டே இருந்தது. அவள் தொட்டாள், வரைந்து வைத்ததுபோல் நின்றது.

"பாருங்க, அம்மணி எப்படி நிறுத்திப்போட்டாங்க!" என்று பேராசிரியர் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினார். எனக்கு வயிறு எரிந்தது.

"சொல்லித் தரட்டுமா புள்ள?" என்றாள் அவள்.

"ஒண்ணும் வேண்டாம்."

அதன்பின் மதியச் சாப்பாட்டு நேரங்களில் தனியாகப் போய் முயன்றேன். திரையில் அலையை வரையும் ஒளிப்புள்ளி ஓடும் வேகத்தை மின்சாரம் ஏறியிறங்கும் வேகத்தோடு பொருத்தினால்தான் அலை நிற்கும் என்பது மெல்லப் பிடிபட்டது. ஒருநாள் நின்றேவிட்டது. திரும்பினால் வாசலில் அவள்.

"நீயே நிறுத்திப்போட்டியே புள்ள!" என்று ஓடிவந்து கட்டிக்கொண்டாள்.

என்னைவிட அவளுக்குத்தான் சந்தோஷம் அதிகம். அடுத்தவளுக்காக அப்படிச் சந்தோஷப்பட அவளால் முடிகிறதே என்று, அதற்கும் பொறாமைப்பட்டேன்.