சுருள் முடியில் நின்ற நட்சத்திரங்கள்

மலையூரான பிரிஞ்சாங்கின் குளிரில் தேங்காய் எண்ணெய் உறைந்துவிடும். இன்று காலை போத்தலை வெந்நீரில் வைத்தபோது எழுந்த வாசம் என்னைத் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டுக்கே கொண்டுபோனது.

அப்போது எனக்கு ஒன்பது வயது. அப்பாவைப் போலவே சுருள் சுருளாய் அடர்ந்த முடி. கொழுந்து லோரி ஓட்டிய அப்பா, ஈரம் காய்வதற்குள் எண்ணெய் தொட்டு, விரலாலேயே எனக்குச் சிக்கெடுப்பார். பள்ளியில் சூசி, முடி மீ நூடுல்ஸ் மாதிரி இருக்கிறதென்று என்னை ‘மீ மண்டை’ என்பாள்.

எங்கள் தேவாலயத்துக் கிறிஸ்துமஸ் நாடகத்தில் நான்தான் தேவதூதர். ஒத்திகையில் அட்டைக் கிரீடம் என் தலையில் நிற்காமல் சரிந்தது. நாடகம் பழக்கிய அக்கா, “முடிய நேராக்கிட்டு வா, இல்லன்னா சூசி நடிக்கட்டும்லா” என்றார். அழுதுகொண்டே வீட்டுக்கு ஓடினேன்.

“முடிய ஒண்ணும் செய்ய வேணாம்மா. கிரீடத்த விட்டுருவோம்” என்றார் அப்பா. வெள்ளித்தாளில் நட்சத்திரங்கள் வெட்டி, ஒவ்வொன்றாக என் சுருள்களுக்குள் செருகினார்.

மேடையில் தலையைத் திருப்பும்போதெல்லாம் முடி மின்னியது. தேவாலயமே கைதட்டியது. முடிந்ததும் சூசி ஓடிவந்து, “மாமா, எனக்கும் வச்சுவிடுங்க” என்று நின்றாள். அப்பா வைத்துப் பார்த்தார். அவளுடைய நேரான முடியிலிருந்து எல்லாம் வழுக்கி விழுந்தன.

“ஒன் முடி எனக்கு இருந்திருக்கலாம்டி” என்றாள்.

அதற்குப் பிறகு, முடியை நேராக்கச் சொன்ன யாரிடமும் நான் தலையைக் கொடுத்ததில்லை.