றோசலின் அக்காவுக்குச் செய்த தடி

பார்வையில்லாதவர்களுக்குச் சாமான் செய்து விற்கிறவனுக்கு ஒரே ஒரு வசதி உண்டு: நிறம் பிடிக்கவில்லை என்று எவரும் திருப்பிக் கொண்டுவர மாட்டார்கள். மற்ற எல்லாக் குறையையும் கண்டுபிடித்துவிடுவார்கள். கடை வைத்துப் பேச்சு வாங்கியவர்களுக்கு இதை நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

எழுபதுகளின் தொடக்கத்தில் திருகோணமலைத் துறைமுகத்தடியில் என் பட்டறை இருந்தது. வெளிநாட்டுச் சாமான் வராத காலம். வந்தாலும் என்னிடம் வருகிறவர்களுக்கு விலை கட்டாது. ஆகவே பிரம்பு, தக்கை, பழைய டயர் என்று கைக்கு அகப்பட்டதை வைத்துத்தான் தொழில்.

மெத்தென்ற நுனி

றோசலின் அக்கா, மூதூருக்குப் போகும் லோஞ்ச் படகு புறப்படும் இறங்குதுறையில் தேத்தண்ணிக் கடை வைத்திருந்தவர். நாற்பது வயதுக்குப் பிறகு பார்வை போய்விட்டது. தனி ஆள், கடையை விடவும் மனமில்லை. அவருக்கு ஒரு பிரம்புத் தடி செய்தேன். தட்டும் சத்தத்துக்குத் தெருவே திரும்பிப் பார்க்குமே என்று நுனிக்கு டயர் றப்பர் போட்டேன். பூனை நடப்பதுபோல் இருந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அன்று பின்னேரமே முழங்கால் சிராய்ப்போடு வந்து தடியை மேசையில் வைத்தார். "சத்தம் வராட்டிச் சுவர் எங்க, வெளி எங்க எண்டு எனக்கு ஆர் சொல்லுறது? நீங்கள் கண் தெரியிற ஆளுக்கெல்லோ தடி செய்திருக்கிறியள்!"

தக்கை

றப்பரைக் கழற்றிப் பித்தளைக் குமிழ் போட்டதும் நடை சரிவந்தது. அடுத்த தொல்லை தேத்தண்ணி. கோப்பை நிறைவது தெரியாமல் கையைச் சுட்டுக்கொண்டார். விரலை உள்ளே விட்டுப் பார்த்தால் குடிக்க வந்தவர் எழுந்து போய்விடுவார். சின்னத் தக்கையில் ஈர்க்கொன்றைக் குத்தி, கோப்பை விளிம்பில் கொளுவும் கம்பி வளையத்துக்குள் விட்டுக் கொடுத்தேன். தேத்தண்ணி ஏறத் தக்கை மிதந்து, ஈர்க்கும் ஏறி விரலைத் தொடும். அதோடு ஊற்றுவதை நிறுத்தலாம்.

நன்றாகவே வேலை செய்தது. ஆனால் முதல் நாள் தக்கையை எடுக்க மறந்துவிட்டார். மூதூர் முதலாளி ஒருவர் கோப்பையைத் தூக்கிப் பார்த்துவிட்டு நிதானமாகக் கேட்டார்: "தங்கச்சி, மூடி வந்திட்டு. போத்தல் எப்ப வரும்?"

தம்பியின் கட்டளை

அக்காவின் தம்பி அந்தோனிக்குக் கந்தளாயில் வேலை. அக்கா தடியோடு நடக்கிறார் என்று கேள்விப்பட்டு, கையோடு கூட்டிப்போக வந்துவிட்டார். நல்ல மனிதர்தான். அங்கே உட்கார ஒரு கதிரையும் மூன்று நேரச் சாப்பாடும் தயார். அக்கா மாட்டேன் என்றார். கடைசியில் ஒரு ஒப்பந்தம்: ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வீட்டிலிருந்து மாதா கோயில்வரை யாரும் கைபிடிக்காமல், வழி சொல்லாமல் தனியே போய்ச் சேரவேண்டும். சேர்ந்தால் கடை, இல்லாவிட்டால் கந்தளாய்.

பட்டறைக்கும் வந்து என்னை எச்சரித்தார். "அக்காவுக்கு இனி ஒண்டும் செய்து குடுக்காதேங்கோ. தம்பி நான் இருக்க அவ தடி பிடிச்சுத் திரியிறா எண்டு ஊர் கதைக்குது."

துப்புரவான தெரு

அக்கா தடக்கி விழக்கூடாதென்று சனிக்கிழமை அயலார் கூடித் தெருவைத் துப்புரவாக்கினார்கள். ஆடு கட்டும் கட்டை, தண்ணீர்ப் பீப்பா, தெரு திரும்பும் முடக்கில் கவிழ்த்துக் கிடந்த வள்ளம், எல்லாம் போயிற்று. மறுநாள் காலை அக்கா தட்டிக்கொண்டு வந்தார். தம்பியும் நானும் அயலாரும் பின்னால். முடக்கு வந்தது. அக்கா திரும்பாமல் நேரே கடலுக்குப் போனார். வாய் திறந்தால் ஒப்பந்தம் முறிந்துவிடும். தண்ணீர் காலில் பட்டதும் நின்று, தடியை இரண்டு பக்கமும் வீசினார். அந்த வள்ளத்தில் தட்டித்தான் அவர் எப்போதும் கோயில் பக்கம் திரும்புவார் என்பது அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது.

"ஆரடா என்ட வள்ளத்தை எடுத்தது?" என்று கத்தினார்.

நாலைந்து பேர் ஓடிப்போய் வள்ளத்தைப் பழைய இடத்துக்கு இழுத்தார்கள். இது ஒப்பந்தத்துக்குச் சரிவருமா என்று அந்தோனியைத் தேடினேன். அவரும் ஒரு பக்கம் நின்று தள்ளிக்கொண்டிருந்தார். மணலில் அது இழுபடும் சத்தத்தைக் கேட்டு அக்கா திரும்பி வந்தார். வள்ளத்தில் ஒரு தட்டு. அப்படியே திரும்பிக் கோயிலுக்குள் போய்விட்டார்.

அந்தோனி கையிலிருந்த மணலைத் தட்டினார். "அக்கா இஞ்சயே இருக்கட்டும். கந்தளாய்க்குக் கூட்டிக்கொண்டு போறதெண்டா இந்தச் சனத்தைத்தான் கூட்டிக்கொண்டு போகவேணும்."

அதற்குப் பிறகு எத்தனையோ சாமான் செய்தேன். உதவி செய்ய ஓடிவருகிறவர்களை எட்ட நிறுத்துகிற சாமான் ஒன்றை மட்டும் செய்ய என்னால் முடியவில்லை.