பசை போடாத மேசை

"உங்க அத்தை செஞ்ச மேசை, தூக்கினதுமே கால் கழண்டு விழுந்துடுச்சாமே? ஆமாவா, இல்லையா?"

பொத்தான் வாங்கப் போன இடத்தில் தையல்காரர் கேட்டார். கடையில் இருந்த எல்லாரும் சிரிக்கத் தயாராக என் வாயைப் பார்த்தார்கள். மேசை அத்தை செய்ததுதான். கால்கள் விழுந்ததும் உண்மைதான். ஆனால் "ஆமா" என்றால் அதைவிடப் பெரிய பொய் இருக்க முடியாது. "இல்லை" என்றாலும் பொய். கோபத்தில் பொத்தான் வாங்காமலே வந்துவிட்டேன்.

அன்று சொல்ல முடியாததை இப்போது முழுதாக எழுதுகிறேன்.

அத்தை என் அப்பாவின் தங்கை. எங்கள் வீட்டுக்குப் பின்பக்கம் அப்பாவின் தச்சுப்பட்டறை. சின்ன வயதில் அப்பாவுக்கு உளி பிடிக்கக் கற்றுக்கொடுத்தார்கள். அத்தைக்குக் கிடைத்தது பலகையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் வேலை. பிடித்துக்கொண்டு நின்றவள் கண்ணை மூடிக்கொண்டா நின்றாள்? எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டாள். கல்யாணமாகிப் போன வீடு ஒத்துவராமல் திரும்பி வந்தபோது, பெட்டியை உள்ளே வைத்துவிட்டு, கூந்தலை முடிந்துகொண்டு நேரே பட்டறைக்குள் நுழைந்தாள்.

அன்றிலிருந்து எங்கள் பட்டறையில் செய்த அலமாரிகளின் இழுப்பறைகள் மழைக்காலத்திலும் சிக்காமல் வரும். அவை எல்லாம் அத்தையின் வேலை. ஆனால் யாராவது அவளைப் பற்றி விசாரித்தால் அப்பா சொல்வது ஒரே பதில்தான்: "தங்கச்சி சும்மா ஒத்தாசைக்கு நிக்குது." காலையில் உள்ளே போய், விளக்கேற்றும் நேரத்தில் மரத்தூளைத் தட்டிக்கொண்டு வெளியே வருகிறவள் சும்மா நிற்கிறாளாம்! பட்டறையில் கூலிக்கு ரம்பம் ஓட்டுகிற அண்ணன் ஒருவர் அவளுக்கு வைத்த பட்டப்பெயர் 'அரம்'. நாக்கு அப்படி ராவிவிடும். அப்பாவிடம் மட்டும்தான் அந்த நாக்கு அடங்கியிருந்தது.

ஒருநாள் அத்தை கேட்டாள்: "அண்ணா, தெருவைப் பார்த்த முன்னறை சும்மாதானே கிடக்கு? அங்க உட்கார்ந்து நானே ஆர்டர் எடுத்துச் செய்யட்டுமா?"

அப்பா சிரித்தார். "வளைஞ்ச கால் வச்சு ஒரு மேசை, ஒத்தையா செஞ்சு காட்டு. முன்னறை உனக்குத்தான்."

"அக்கா, கால் வளையுதோ இல்லையோ, உங்க முதுகு வளைஞ்சிடும்" என்றார் ரம்பக்கார அண்ணன்.

"உன் வாய்தான் எப்பவோ கோணிப்போச்சே, அதை முதல்ல நிமித்து" என்றாள் அத்தை. அப்போதே காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்துவிட்டாள்.

வளைந்த கால் என்றால் மரத்தை வளைப்பது என்று நானும் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. கனமான கட்டையிலிருந்து வளைவை வெட்டி எடுக்க வேண்டும். கட்டையின் அடுத்தடுத்த இரண்டு முகங்களிலும் ஒரே வளைவை வரைவார்கள். ஒரு முகத்தில் அறுத்ததும் துண்டுகள் விழும். அவற்றை எறியக் கூடாது. திரும்பவும் அதே இடத்தில் ஒட்டுநாடா சுற்றி ஒட்டவேண்டும். ஏனென்றால் அடுத்த முகத்தில் போட்ட கோடு அந்தத் துண்டுகளின் மேல்தான் இருக்கிறது. அதையும் அறுத்து நாடாவைப் பிரித்தால், உள்ளேயிருந்து கால் வெளியே வரும். மேலே முட்டிபோல் புடைத்து, நடுவில் மெலிந்து, கீழே பாதம் லேசாக வெளியே திரும்பி நிற்கும். பிறகு அரமும் உப்புத்தாளும் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவித் தடவிப் பார்ப்பாள். நான்கும் உடன்பிறந்தவை மாதிரி இருக்க வேண்டும்.

கால்களையும் குறுக்குச் சட்டங்களையும் ஆணி இல்லாமல் பொருத்தினாள். சட்டத்தின் நுனியில் நாக்கு மாதிரி ஒரு கழுந்து, காலில் அதற்கேற்ற துளை. முதலில் பசை போடாமல் கோத்துப் பார்ப்பதுதான் முறை. ஒவ்வொரு கழுந்தும் அதன் துளைக்கென்றே செதுக்கியது, இடம் மாறினால் சரியாகச் சேராது. மேல்பலகையைச் சட்டத்தோடு திருகாணியால் முடுக்கி நிறுத்தினாள். மேசை அசையாமல் நின்றது. சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, பசை வாங்கக் கடைக்குப் போனாள்.

அந்த நேரம் பார்த்துப் பல் டாக்டர் வந்தார். ஏற்கெனவே சொல்லிவைத்திருந்த நாற்காலிகளை எடுத்துப்போக வண்டியும் இரண்டு ஆட்களுமாக வந்தவர், மேசையைப் பார்த்து நின்றுவிட்டார்.

"அடடா! இது யார் செஞ்சது?"

"நம்ம பட்டறை வேலைதாங்க" என்றார் அப்பா.

நான் அங்கேதான் இருந்தேன். "அப்பா, அது அத்தையோடது" என்றேன். "பெரியவங்க பேசும்போது நடுவுல வராதே" என்றார். டாக்டர் உடனே கொடுங்கள் என்றதும், அப்பாவுக்குத் தன் தங்கையின் ஞாபகமும் வரவில்லை, முன்னறையின் ஞாபகமும் வரவில்லை. "எடுத்துக்கோங்க" என்றார். பொருத்து அவ்வளவு இறுக்கமாக இருந்ததால், இத்தனை வருடத் தச்சரான அவருக்கே அதில் பசை இல்லை என்பது தெரியவில்லை.

ஆட்கள் தூக்கினார்கள். வாசல் குறுகலானது என்பதால் மேசையைச் சாய்த்துத் திருப்பினார்கள். ஒரு கால் பால்பல் மாதிரி நழுவி விழுந்தது. பின்னாலேயே இன்னொன்று. பயத்தில் ஓர் ஆள் கையை விட்டதும் மிச்சம் இரண்டும் போயின.

அப்பாவின் முகம் கறுத்துவிட்டது. "ஒண்ணுமில்லைங்க, ஒரு நிமிஷம்" என்று கால்களைப் பொறுக்கி அவரே கோத்தார். எது எந்த மூலைக்கு என்று அவருக்குத் தெரியவில்லை. மேசையை நிமிர்த்தியபோது, குடித்துவிட்டுச் சுவரைத் தேடுகிறவன் மாதிரி நின்றது.

அத்தை வாசலில் நின்றாள். கையில் பசை டப்பா.

டப்பாவைப் பார்த்ததும் டாக்டருக்குப் பாதி புரிந்துவிட்டது. "அம்மா, நீங்க…"

"ஆடுற பல்லைத்தானே டாக்டர் பிடுங்குவீங்க? நல்லா நின்ன பல்லை எதுக்குப் பிடுங்கினீங்க?"

அவர் தலை குனிந்தார். அத்தை அப்பாவின் பக்கம் திரும்பினாள். அவள் குரல் உயரவே இல்லை.

"அண்ணா, இந்த மேசையை யார் செஞ்சான்னு இவர்கிட்ட சொல்லு. இப்பவே மாட்டித் தரேன்."

அப்பா தொண்டையைச் செருமினார். "நம்ம தங்கச்சியும்… கொஞ்சம் ஒத்தாசை…"

அத்தை ஒரு சாக்கை எடுத்தாள். நான்கு கால்களையும் அதில் போட்டுத் தோளில் வைத்துக்கொண்டு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். நானாக இருந்தால் அந்த டப்பாவைத் தூக்கி எறிந்திருப்பேன். அவள் அதையும் பத்திரமாக எடுத்துப்போனாள்.

மறுநாளிலிருந்து அவள் பட்டறைக்குள் கால் வைக்கவில்லை. காலில்லாத மேசை சுவரில் சாய்ந்து கிடந்தது. அப்பா செய்த இழுப்பறைகள் சிக்கிக்கொண்டன, ஒரு வீட்டுக்காரம்மா அலமாரியையே திருப்பி அனுப்பினாள். "அரம் இல்லாம எல்லாம் சொரசொரப்பா இருக்கு" என்று ரம்பக்கார அண்ணன் முனகினார். அப்பா அவர்மேல் எரிந்து விழுந்தார். என் கோபம் மட்டும் இறங்கவே இல்லை. தங்கை செய்ததைத் தங்கை செய்தாள் என்று சொல்ல ஒரு மனிதருக்கு நாக்கு ஏன் இப்படிக் கனக்கிறது?

பல் டாக்டர் திரும்ப வந்தார். அப்பா நாற்காலியைத் தட்டிப் போட்டார். அவர் உட்காரவில்லை.

"கால் வச்சிருக்கிற அம்மா இருக்காங்களா? அவங்ககிட்டத்தான் பேசணும்."

அப்பா வீட்டுக் கதவைத் தட்டினார். "ஏம்மா… உனக்கு ஆள் வந்திருக்கு."

"யாரு? எதுக்கு?" உள்ளிருந்து அத்தை.

"டாக்டர். மேசை விஷயமா."

"எந்த மேசை?"

அப்பா கதவைப் பார்த்துக்கொண்டே, அதற்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்: "நீ செஞ்ச மேசை."

"டாக்டருக்குக் கேட்கலை."

"நீ செஞ்ச மேசை!" அப்பா கத்தினார். கதவு திறந்தது.

அந்த மேசையை அத்தை கொடுக்கவில்லை. டாக்டருக்கு வேறொன்று செய்வதாக ஒப்புக்கொண்டாள். முதல் மேசைக்குக் கால்களை மாட்டிப் பசை போட்டு, பாலிஷ் போட்டு, தெருவில் போகிறவர்கள் பார்க்கும்படி முன்னறையில் போட்டிருக்கிறாள். இப்போது அங்கே உட்கார்ந்துதான் அவளுக்கான ஆர்டர்களை எடுக்கிறாள். அப்பா வார்னிஷ் டப்பாக்களை அங்கிருந்து முணுமுணுத்தபடியே காலி செய்தார். இப்போது எல்லாரிடமும், "நான்தான் இடம் விட்டுக் கொடுத்தேன்" என்று வேறு சொல்லிக்கொள்கிறார்.

ஆனால் தெருவில் ஓடுவது வேறு கதை. 'பொம்பளை செஞ்ச மேசை, கால் கழண்டுடுச்சு.' அன்று மேசையைச் சாய்த்த ஆட்கள்தான் அதைப் பரப்பியிருக்க வேண்டும். பொய்யின் கால் மட்டும் கழல்வதில்லை, அது வேகமாகத்தான் ஓடும்.

அதனால் இதைப் படிக்கிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். யாராவது அந்தக் கதையைச் சொல்லிச் சிரித்தால், நீங்கள் என்னை மாதிரி வாயடைத்து நிற்காதீர்கள். அந்த மேசை பசையே இல்லாமல் நின்றது என்று சொல்லுங்கள். செய்தவளைக் கேட்காமல் தூக்கினார்கள், அதனால்தான் விழுந்தது என்று சொல்லுங்கள். கேட்டவரையும் இன்னொருவரிடம் சொல்லச் சொல்லுங்கள். எங்கள் தெருத் தையல்காரரின் காதுக்குப் போய்ச் சேரும்வரை சொல்லுங்கள்.