பல் போனால் படகு

பசுவின் கீழுதட்டை இடக்கையால் இழுத்துப் பிடித்து, வலது கட்டைவிரலால் முன்பற்களைத் தடவிப் பார்ப்பாள் ஒஸ்லா லிங்க்லேட்டர். தேய்ந்த பல் தட்டுப்பட்டால், "பல்லு போனா படகுதான்டீ" என்பாள், அந்தப் பசுவிடமே. வெஸ்ட்ரே தீவில் இலையுதிர் காலப் படகு எங்கே போகிறது என்பது பசுக்களைத் தவிர எல்லோருக்கும் தெரியும். கறிச்சந்தைக்கு.

அறுபதைத் தாண்டியவள். பேச்சு கறார், போடும் தேநீர் அதைவிடக் கறார். "அஞ்சுலேர்ந்து எட்டு வயசு வரைக்கும்தான் பசுவுக்கு ராஜபோகம். பத்துக்கு மேல சினை பிடிக்காது. பிடிச்சாலும் கன்னு நோஞ்சான்." சினையில்லாத பசுவுக்குக் குளிர்காலத் தீனி கிடையாது. நல்ல இளம்பசுவாக இருந்தாலும் சரி, அவள் மனம் இளகி யாரும் பார்த்ததில்லை.

மிர்க்கி மட்டும் விலக்கு. பதினான்கு வயதுக் கறுப்புப் பசு. ஆலங்கட்டி மழை கொட்டிய ஒரு மார்ச் காலையில், தாய் வயிற்றில் சிக்கிக்கொண்ட அதை ஒஸ்லாவின் மகள் சுன்னிவா வெறுங்கையால் இழுத்துப் போட்டாள். சுன்னிவா நியூசிலாந்து போய் வருடங்களாகிவிட்டன. போன வருடம் மிர்க்கியின் கன்று தாமதமாகவும் சிறியதாகவும் பிறந்தபோது, "புல்லு சரியில்ல" என்று சொல்லி ஒஸ்லா நகர்ந்துவிட்டாள்.

இந்த வருடம் சினை பார்க்க வந்த பெண் மருத்துவர் கருவியை எடுத்துவிட்டு, "வயிறு காலி" என்றாள்.

"திரும்பப் பாரும்மா."

"ரெண்டு தடவை பாத்துட்டேன்."

கதவோரம் நின்ற பக்கத்துப் பண்ணை மாக்னி சிரித்தான். "சட்டம் போட்டவங்களே வாய்தா கேக்கறீங்களே, ஒஸ்லாக்கா!"

ஒஸ்லா உள்ளே போய் மகளுக்குப் போன் போட்டாள்.

"மிர்க்கி சினை பிடிக்கலடீ."

"எதும்மா?"

"நீ இழுத்துப் போட்ட கன்னு."

"அட, அது இன்னுமா இருக்கு? அனுப்பிடும்மா. பல்லே இருக்காதே, பாவம். குளிர் தாங்காது."

சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை. எல்லாம் ஒஸ்லாவே சொல்லிக் கொடுத்தது. 'வச்சிரும்மா, நான் வந்து பாக்கறேன்' என்ற வேறொரு வாக்கியத்துக்காகத்தான் ஒஸ்லா இத்தனை வருடம் அதற்குத் தீனி போட்டிருந்தாள்.

"கிறிஸ்துமஸுக்கு வர்றியா?"

"அடுத்த வருஷம் பாக்கலாம்மா. டிக்கெட்டு விலை ஏறிக் கெடக்கே."

படகு வரும் நாளன்று மற்ற பசுக்கள் முண்டியடித்து வண்டியில் ஏறின. மிர்க்கி மட்டும் சாய்பலகை அருகே நின்றுவிட்டது. மாக்னி குச்சியை நீட்டினான். ஒஸ்லா அதை வாங்கவில்லை. பசுவுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, தானே முதலில் பலகையில் ஏறி வண்டியின் இருட்டுக்குள் நடந்தாள். அவள் கோட்டின் முதுகை முகர்ந்தபடி மிர்க்கி பின்னால் ஏறியது.