மிச்சம் பிடித்த மாத்திரை

சோபா தைக்கிறவருக்குத் தெருவில் 'அரை டாக்டர்' என்று பெயர். படிப்பு வாசனை கிடையாது, வாய் மட்டும் ஆஸ்பத்திரி அளவுக்கு நீளம். அவர் அப்பா, பெரியப்பா, பெரியப்பா மகள் என்று அந்த வம்சத்தில் பாதிப் பேருக்கு மூச்சிரைப்பு, மீதிப் பேருக்கு வாய்க்கொழுப்பு. இவருக்கு இரண்டும் குறைவில்லாமல் வந்திருந்தது. கட்டிக்கொண்டவளுக்குத்தான் சலிப்பு.

பழைய சோபா ஒன்றைக் கிழித்துப் பஞ்சைப் பிடுங்கிய அன்று இழுப்பு பலமாக வந்தது. டாக்டரம்மா ஸ்டீராய்டு மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

"அஞ்சு நாளைக்கு. காலைல சாப்பிட்டதும் போடணும். நல்லாயிடுச்சுன்னு நடுவுல நிறுத்தக் கூடாது. இன்ஹேலரையும் விட்டுடாதீங்க."

சொன்னதெல்லாம் மனைவியைப் பார்த்துத்தான். ஆளை எடைபோடத் தெரிந்த டாக்டர்.

இரண்டாம் நாளே நெஞ்சு லேசானது. அரை டாக்டர் முழு டாக்டராகிவிட்டார். வாடிக்கைக்காரர் கொடுக்கிற துணியில் ஒரு முழமாவது மிச்சம் பிடித்து மடித்து வைக்கிற கை அது. மாத்திரையை மட்டும் விடுமா?

"ஏங்க, இன்னும் மூணு நாளைக்கு இருக்கே?"

"ஸ்டீராய்டுடி! உடம்பு ஊதிடும். என் உடம்பு எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சுதான் முந்தாநாள் அப்படி இரைச்சீங்களா?"

மாத்திரை அட்டை பட்டன் டப்பாவுக்குள் போனது. மறுநாள் அவள் கடைக்குப் போயிருந்த நேரத்தில் அவள் தம்பி நொண்டிக்கொண்டு வந்தான்.

"முட்டி வலி உயிர் போகுது மாமா."

"இந்தா மாப்ளே, இதைப் போடு. பறந்துடும்."

சர்க்கரை வியாதியை உடம்பில் வைத்துக்கொண்டு அந்தப் புத்திசாலியும், சர்க்கரையை ஏற்றிவிடுகிற மாத்திரையைக் கேள்வி கேட்காமல் வாங்கிக்கொண்டு போனான்.

அதற்கடுத்த நாள் இழுப்பு திரும்பியது. இன்ஹேலருக்கு மசியவில்லை. வார்த்தைக்கு ஒரு மூச்சு வாங்கியது. அவர் கண்ணால் டப்பாவைக் காட்டினார். அவள் கவிழ்த்துப் பார்த்தாள். பட்டன்தான் உருண்டது.

"மாத்திரை எங்கங்க?"

"உன்... தம்பி..."

கூடப் பிறந்தவனை அவள் அதுவரை அப்படிச் சபித்ததில்லை. புருஷனின் உதடு நிறம் மாறுவதைப் பார்த்ததும் சாபத்தைப் பாதியில் விட்டாள். அவரை ஆட்டோவில் அள்ளிப் போட்டாள்.

ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் முகமூடி, ஊசி, பிறகு அதே மாத்திரை. மெல்ல இழுப்பு தணிந்தது.

"ஏன் பாதியில நிறுத்துனீங்க?" என்றார் டாக்டரம்மா.

அவர் முகமூடியைத் தூக்கினார். "அதாவது டாக்டர், இந்த ஸ்டீராய்டுங்கிறது..."

மனைவி அதை அவர் முகத்தில் வைத்து அழுத்தினாள்.

"அவர் கிடக்கிறாரு. எத்தனை நாளைக்குன்னு எங்கிட்ட சொல்லுங்கம்மா. என் தம்பிக்கும் சர்க்கரை பார்க்கணும்."

இரைப்பு முழுதாக அடங்கும்வரை அவள் கையை எடுக்கவில்லை.